விரிதாள் கணக்குக்குத் துணைநிரல் அமைக்கப் பழகுதல்

டிராக்டர் வாங்கிய மிராசுதாரர் அதைக் கொண்டு மாத்திரம் நிலத்தை உழுதுவிட முடியாதென்பது யாவரும் அறிந்ததே. பின்புறத்தில் கொத்துக்கலப்பையோ, சுழல்கலப்பையோ, விதைப்புக் கருவியோ மாட்டப்பட்ட பிறகே அது அந்தந்த வேலைக்கு உதவுகிறது. கணிப்பொறியில் கணக்கெழுத அநேகர் கையாளும் எக்செல் என்னும் விரிதாளும் இத்தகையதே. அது எல்லாத் தொழிலினர்க்கும் பொதுவாக அமைக்கப்பட்டது. கூட்டலும் சராசரியும் வட்டியும் அதில் உண்டு. ஹெக்டேரை ஏக்கராக மாற்றும் சூத்திரம்கூடப் புதிய பதிப்புகளில் உண்டு. ஆனால் பசலி ஆண்டு இன்னதென்று அதற்குத் தெரியாது, செண்டு தெரியாது, குழியும் மாவும் தெரியா. இவற்றை அதற்குக் கற்பித்து நிலையாக மாட்டிவைக்கும் கருவிக்கே ஆட்-இன் அல்லது துணைநிரல் என்று பெயர். சாதாரணக் கணக்கறிவும், நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாகச் சில வாரப் பழக்கமும் உள்ளவர் எவரும் இதைத் தாமே செய்துகொள்ளலாம்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்போருக்கு ஓர் உதாரணம் போதும். தமிழ்நாட்டில் பட்டாவில் நிலத்தின் பரப்பு ஹெக்டேர், ஏர் என்னும் அளவுகளில் காட்டப்படுகிறது. விவசாயியோ ஏக்கர், செண்டு என்றே பேசுகிறார்; கிரயமும் குத்தகையும் பெரும்பாலும் அவ்வளவையே தழுவி நடைபெறுகின்றன. 0 ஹெக்டேர் 48.50 ஏர் பரப்புள்ள ஒரு நிலத்தை எடுத்துக்கொள்க. ஓர் ஏர் என்பது 2.47105 செண்டு. ஆகவே மேற்படி நிலம் 119.85 செண்டு, அதாவது 1 ஏக்கர் 19.85 செண்டு ஆகும். வாய்க்கணக்காகப் பலர் சொல்லும் இரண்டரையால் பெருக்கினால் 121.25 செண்டு என வருகிறது. வித்தியாசம் 1.40 செண்டு. செண்டொன்றுக்கு 435.6 சதுர அடியாகையால், இல்லாத நிலம் 600 சதுர அடிக்கு மேல் காகிதத்தில் உண்டாகிவிடுகிறது. ஒரு சிறு மனைக்கட்டு அளவுள்ள இந்தப் பேதம் பாகப்பிரிவினையில் சகோதரர்களுக்குள் எத்தனை வருஷ விவகாரத்துக்கு வித்தாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

இரண்டரை என்பது தவறு, 2.47105 என்பதே சரி என்று அறிந்துகொண்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. விரிதாளில் ஒரு சூத்திரம் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியே எழுதப்படுகிறது. ஒருவர் 2.5 என்றும், மற்றொருவர் 2.47 என்றும், மூன்றாமவர் 2.471 என்றும் எழுதிய தாள்கள் கைக்குக் கை மாறிப் பிரதியாகி, ஒரே கிராமத்தின் பரப்பு மூன்று தாள்களில் மூன்று விதமாக நிற்கும். தவறு கண்டுபிடிக்கப்பட்டாலும் எந்தெந்தப் பிரதியில் திருத்துவது? துணைநிரலில் அவ்வெண் ஒரே இடத்தில் இருக்கிறது. தாள்களெல்லாம் அதன் பெயரை மட்டும் அழைக்கின்றன. முற்காலத்தில் எண்சுவடியிலே குழிமாற்று என்று தனி வாய்பாடு இருந்தது. கர்ணங்கள் அதை மனப்பாடமாகக் கொண்டிருந்தபடியால் கணக்குத் தாளில் பெருக்கல் விதியை ஒவ்வொரு முறையும் எழுத நேரவில்லை. அவ்வாய்பாட்டின் ஸ்தானத்தையே துணைநிரல் வகிக்கிறது.

படித்த பெரியோரும் இவ்விஷயத்தில் இடறியிருக்கின்றனர். கென்னத் ரோகாஃப், கார்மென் ரைன்ஹார்ட் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் 2010-இல் அரசுகளின் கடனைப்பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியில், 20 நாடுகளின் சராசரி எடுக்க வேண்டிய சூத்திரம் 5 நாடுகளை விட்டுவிட்டது. பல அரசுகளில் எடுத்துக்காட்டப்பட்ட அந்த ஆராய்ச்சியின் விரிதாளைப் பெற்றுப் பார்த்து, 2013-இல் தவற்றை வெளிப்படுத்தியவர் தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர். இங்கிலாந்தில் 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் கொரோனா நோயாளிகள் 15,841 பேரின் விவரம் உரிய காலத்தில் கணக்கில் ஏறாமற்போனதும் விரிதாளினாலேயே. பழைய வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்குமேல் இடமில்லை என்பது கவனிக்கப்படவில்லை. புதிய வகைக் கோப்பு 10,48,576 வரிகளை ஏற்கும்.

இனிச் செய்முறை. எக்செலுக்குள் விஷுவல் பேசிக் என்னும் கட்டளை மொழி 1993 முதல் அடங்கியிருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. புதிய தாளொன்றைத் திறந்து, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எஃப்-11 விசையை அழுத்தினால் அம்மொழியை எழுதும் சாளரம் தோன்றும். அதில் இன்சர்ட் என்பதன் கீழுள்ள மாட்யூல் என்பதைத் தேர்ந்தால் வெற்றுப்பக்கம் வரும். பக்கத்தின் தலையில் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் என்ற இரு சொற்களை எழுதிவிடுதல் உசிதம். எழுத்துப் பிழையால் புதுப் பெயர் ஒன்று முளைத்துக் கணக்கைக் கெடுப்பதை அது தடுக்கும்.

முதற் பழக்கத்திற்குப் பசலி ஆண்டைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தைப்போல் எளியது வேறில்லை. பசலி ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடிகிறது. மாதம் ஜூலையோ அதற்குப் பிந்தியதோ ஆனால் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐயும், முந்தியதானால் 591-ஐயும் கழிக்க வேண்டும். இவ்வளவே விதி. முதல் வரியில் ஃபங்ஷன் என்ற சொல்லையும், அடுத்துப் பசலி என்பதை ஆங்கில எழுத்திலும், அதையடுத்து அடைப்புக்குறிக்குள் தேதிக்கு வைக்கும் பெயரையும் எழுதுக. நடுவில் மேற்சொன்ன விதியை "இப்படியானால் இது, இல்லாவிடில் அது" என்னும் இஃப், எல்ஸ் சொற்களால் எழுதி, விடையைப் பசலி என்ற அதே பெயரில் இட்டு, எண்ட் ஃபங்ஷன் என்று முடிக்க வேண்டும். பிறகு தாளுக்குத் திரும்பி, கூட்டல் சூத்திரத்தை எழுதுவதுபோலவே சமக்குறியிட்டுப் பசலி என்று எழுதித் தேதியுள்ள கட்டத்தைக் காட்டினால் விடை வரும். 30-6-2025 என்ற தேதிக்கு 1434 என்றும், மறுநாளுக்கு 1435 என்றும் வரவேண்டும். வராவிட்டால் விதியைத் திரும்பப் படித்துப் பார்க்கவும்.

சரியாக வந்ததும் திருப்தியடைந்து நின்றுவிடலாகாது. தேதி எழுதப்படாத வெற்றுக் கட்டத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும். அப்போது 1309 என்று விடை வரும்! வெறுமையை இம்மொழி சுழியமாகக் கொள்கிறது. சுழியம் என்பது அதன் நாட்காட்டியில் 30-12-1899 ஆகும். ஆகையால் கட்டம் வெறுமையானால் விடையும் வெறுமையாகவே இருக்க வேண்டுமென்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரு சூத்திரம் நல்ல சரக்கைக் கொடுத்தால் நல்ல விடை தருவது பெரிதல்ல. கெட்ட சரக்கைக் கொடுத்தால் என்ன செய்கிறதென்பதே அதன் தரத்தைக் காட்டும். பழைய பத்திரங்களின் தேதிகளைக் கையாளுவோருக்கு மற்றொரு விஷயம்: விரிதாளின் நாட்காட்டி 1-1-1900-க்கு முன் செல்லாது; அதற்கு முந்திய தேதி வெறும் எழுத்தாகவே நிற்கும். அன்றியும் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு, இல்லாத 29-ஆம் தேதியொன்றை அது உண்டென்று கொள்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாளில் இருந்த பிழையை, அதன் கணக்குகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று தெரிந்தே ஏற்றுக்கொண்டதன் விளைவு இது.

இரண்டாவதாக ஹெக்டேர், ஏர் இரண்டையும் பெற்று ஏக்கர், செண்டு என விடைதரும் சூத்திரத்தை எழுதலாம். இதில் புதியவர்கள் விழும் குழிகள் இரண்டு. முழு எண்ணுக்கென்று இம்மொழியில் உள்ள இண்டிஜர் என்னும் வகை 32,767-க்குமேல் தாங்காது. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டராகையால், பரப்பைச் சதுர மீட்டரில் வைத்துக்கொள்பவருக்கு 3 ஹெக்டேர் வரை எல்லாம் சரியாக நடந்து, 4 ஹெக்டேர் வந்தவுடன் சூத்திரம் நின்றுவிடும். சிறுவிவசாயிகளின் பட்டாக்களில் பலநாள் தெரியாதிருந்து, பெரிய பட்டா வரும் நாளில் வெளிப்படும் பிழை இது. டபுள் என்னும் வகையைக் கொண்டால் இத்தொல்லை இல்லை.

மற்றது இன்னும் நுட்பமானது. எண்களைக் கிட்டத்தட்ட முழுமையாக்கும் ரவுண்ட் என்ற சூத்திரம் தாளிலும் உண்டு, கட்டளை மொழியிலும் உண்டு. 2.5-ஐக் கொடுத்தால் தாளிலுள்ளது 3 என்கிறது. கட்டளை மொழியிலுள்ளது 2 என்கிறது! சரிபாதியாக நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்வது பின்னதன் வழக்கம். இரண்டுக்கும் நியாயமுண்டென்றாலும், தீர்வை ரூபாய்க்கணக்கில் பாதி கண்ட இடத்திலெல்லாம் பேதம் வந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கெழுதியவரே. ஆதலால் துணைநிரலிலும் ஒர்க்ஷீட் ஃபங்ஷன் என்ற சொல்லை முன்னிட்டுத் தாளின் ரவுண்டையே அழைக்க வேண்டும்.

காவிரிப் பாசனப் பகுதிகளில் மா, வேலி என்ற அளவுகள் இன்றும் பேச்சில் உண்டு. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஆனால் குழியின் பரப்போ அளந்த கோலின் நீளத்தைப் பொறுத்தது. கோல் ஊருக்கு ஊர் மாறியிருந்தது. 12 அடிக் கோலானால் குழி 144 சதுர அடி. மா 14,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 33 செண்டு. ஆகவே இச்சூத்திரத்தில் கோலின் நீளத்தை உள்ளே புதைத்துவிடாமல், பயன்படுத்துபவர் கொடுக்க வேண்டிய சரக்காக அமைப்பதே முறை. எது என்றும் மாறாதது, எது இடத்துக்கிடம் மாறுவது, எது காலத்துக்குக் காலம் மாறுவது என்று பிரித்தறிவதே இத்தொழிலில் பாதி. மற்றப் பாதி தட்டச்சுதான்.

காலத்தால் மாறுவதற்கு உர மூட்டையே தக்க சாட்சி. மத்திய, நீண்ட கால நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 150, 50, 50 கிலோ. மண் பரிசோதனை செய்தவர்கள் அதன்படியே நடக்க வேண்டுமென்பது வேறு விஷயம். மணிச்சத்தை டி.ஏ.பி. மூலம் இடுவதானால் 108.7 கிலோ தேவை; அதிலேயே 19.6 கிலோ தழைச்சத்தும் சேர்ந்துவிடுகிறது. மீதி 130.4 கிலோவுக்கு யூரியா 283.5 கிலோ. இதைக் கழிக்காமல் யூரியாவைத் தனியே கணக்கிடுவோர் பணத்தையும் இழந்து, பூச்சிநோய்களுக்கும் இடங்கொடுக்கின்றனர். சூத்திரத்தில் ஒருமுறை எழுதிவிட்டால் இக்கழித்தல் மறவாது. பத்து ஹெக்டேருக்கு வேண்டுவது சுமார் 2,835 கிலோ யூரியா. 50 கிலோ மூட்டை என்று கொண்டால் 57 மூட்டை. ஆனால் 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. 57 மூட்டையில் 2,565 கிலோவே இருக்கும்; 270 கிலோ குறைவு. 63 மூட்டை வாங்கியிருக்க வேண்டும். மூட்டையின் எடை சூத்திரத்துக்குள் எழுதப்பட்ட பழைய தாள்கள் எத்தனை இன்னும் புழக்கத்தில் உள்ளனவோ!

மாறக்கூடிய இத்தகைய எண்களை வைக்கத் துணைநிரலுக்குள்ளேயே இடமுண்டு. துணைநிரலும் ஒரு விரிதாள் கோப்பேயாகும். அதன் தாள்கள் கண்ணுக்கு மறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். மூட்டை எடை, சத்து விகிதம் முதலியவற்றை அம்மறைதாளில் எழுதி, எழுதிய தேதியையும் பக்கத்தில் குறித்து, சூத்திரம் அங்கிருந்து படிக்கும்படி செய்க. தமிழ்ச் சொற்களையும் அங்கேயே வைக்க வேண்டும். கட்டளை எழுதும் சாளரம் பழைய எழுத்துமுறையில் அமைந்ததாகையால், அதில் தமிழை எழுதினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். இதைக்கண்டு தமிழில் முடியாதென்று கைவிட்டோர் பலர். "ஏக்கர்", "செண்டு" என்ற சொற்களை மறைதாளின் கட்டங்களில் எழுதிவைத்து எடுத்துக்கொண்டால் யாதொரு தடையுமில்லை.

எழுதி முடித்தபின் சேவ் அஸ் என்பதில் எக்செல் ஆட்-இன் என்ற வகையைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். கோப்பின் பெயர் எக்ஸ்.எல்.ஏ.எம். என்ற எழுத்துகளில் முடியும். பின்பு ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று சென்று, அடியிலுள்ள கோ பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே குறியிட்டால் அன்றுமுதல் எந்தத் தாளைத் திறந்தாலும் சூத்திரங்கள் தயாராக இருக்கும். கட்டளை எழுத விரும்பாதோருக்குப் புதிய பதிப்புகளில் லாம்டா என்றொரு வழியும் உண்டு. ஆனால் அது எழுதப்பட்ட கோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறபடியால், பிரதி பெருகும் பழைய கஷ்டம் தீர்வதில்லை.

ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட சூத்திரம் தன் விடையை மட்டுமே தரும். பிற கட்டங்களை மாற்றாது. மாற்ற வேண்டிய வேலைகளுக்கு சப் என்ற வேறுவகைக் கட்டளை உண்டு. கிராமக் கணக்கில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. சர்வே எண்ணும் உட்பிரிவுமாக 12/3 என்று தட்டச்சு செய்தால் விரிதாள் அதைத் தேதியென்று கருதி மார்ச் 12 என்றோ டிசம்பர் 3 என்றோ மாற்றிவிடும். 45/2 என்பது தேதியாகாததால் தப்பிவிடும். ஒரே பத்தியில் சில வரிகள் சரியாகவும் சில கெட்டும் இருப்பதால் கண்ணில் படுவது கடினம். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினரே இத்தொல்லை தாங்காமல், மார்ச், செப்டம்பர் மாதப் பெயர்களாக விரிதாள் மாற்றிவிட்ட மரபணுக்களின் பெயர்களை 2020-இல் மாற்றியமைத்தனர். சர்வே எண்ணை மாற்ற எவருக்கும் அதிகாரமில்லை. எண் எழுதப்போகும் பத்தி முழுவதையும் முன்கூட்டியே எழுத்து வகையாக அமைக்கவும், தேதியாக மாறிய கட்டங்களுக்கு நிறமிட்டுக் காட்டவும் ஒரு சிறு சப் எழுதிக்கொள்ளலாம். கெட்டவற்றைத் தானாகத் திருத்தும்படி மட்டும் எழுதக்கூடாது. 12/3 ஆ, 3/12 ஆ என்பதைப் பதிவேட்டைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

துணைநிரலின் பலமே அதன் அபாயமும் ஆகும். ஓரிடத்தில் செய்த திருத்தம் எல்லாத் தாளுக்கும் செல்வதுபோல, ஓரிடத்தில் செய்த பிழையும் செல்லும். ஆகையால் கையால் போட்டுச் சரிபார்த்த இருபது முப்பது கணக்குகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் துணைநிரலின் விடையையும், அதற்கடுத்து இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். சுழியம், வெற்றுக் கட்டம், மிகப்பெரிய பரப்பு, ஜூன் 30, ஜூலை 1 ஆகியவை அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். சூத்திரத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அத்தாளைத் திறந்து பார்த்த பிறகே மற்றவருக்குக் கொடுப்பது என்பது விதி. கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்துப் பழையதை அழிக்காமல் வைத்திருப்பதும் நலம்.

பிறர் தரும் துணைநிரலை ஏற்பதில் விதையை வாங்குவதைப்போன்ற ஜாக்கிரதை வேண்டும். 1999 மார்ச்சில் மெலிசா என்ற கெட்ட கட்டளை, கடிதக் கோப்புக்குள் ஒளிந்து மின்னஞ்சல் வழியே உலகமெங்கும் பரவியது இம்மொழியைக் கொண்டே. இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளிலுள்ள கட்டளைகளை 2022 முதல் எக்செல் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. கோப்பின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் அன்பிளாக் என்பதைக் குறித்தால் தடை நீங்கும். ஆனால் செய்தவர் இன்னாரென்று தெரிந்து, உள்ளிருக்கும் வரிகளைப் படித்துப் பார்த்தபின்னரே அவ்வாறு செய்யலாம். கடவுச்சொல்லிட்டு வரிகளை மறைத்துத் தருபவரிடமிருந்து வாங்காதிருப்பதே மேல்.

துணைநிரல் இல்லாத கணிப்பொறியில் இந்தத் தாளைத் திறந்து கணக்கிடச் செய்தால், பெயர் தெரியவில்லையென்ற பிழைக்குறியே காணும். எனவே தாலுகா அலுவலகத்துக்கோ வங்கிக்கோ அனுப்பும் பிரதியில் சூத்திரங்களை நீக்கி விடைகளை மட்டும் எண்ணாக ஒட்டி அனுப்ப வேண்டும். கைப்பேசியிலும் இணைய உலாவியிலும் திறக்கும் எக்செலில் விஷுவல் பேசிக் இயங்காது. உலாவியிலும் இயங்க வேண்டுமானால் 2013-ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த புதுவகைத் துணைநிரலை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுத வேண்டும். அதற்கு இணையத்தில் ஓரிடமும், அமைப்பு விவரக் கோப்பொன்றும் தேவைப்படும். ஸ்கிரிப்ட் லேப் என்ற இலவசக் கருவியில் பழகிப் பார்க்கலாம். எனினும் முதற்பாடமாக அது சற்றுக் கனமே. எக்செல் வாங்க வசதியில்லாதவர்களுக்கு லிப்ரெஆஃபீஸ் என்னும் இலவசத் தொகுதியின் கால்க் விரிதாள் உண்டு. அதிலுள்ள பேசிக் மொழி இதற்கு நெருங்கிய உறவு. பசலிச் சூத்திரத்தைச் சொற்ப மாறுதலுடன் அங்கும் எழுதிவிடலாம்.

கற்பதற்கு எளிய உபாயம் எக்செலிலேயே இருக்கிறது. ரெக்கார்ட் மேக்ரோ என்பதை அழுத்திவிட்டு, பத்தியை எழுத்து வகையாக்குவது போன்ற ஒரு வேலையைக் கையால் செய்து நிறுத்தினால், செய்ததெல்லாம் கட்டளை வரிகளாக எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் படித்து வேண்டாதவற்றை நீக்கிப் பழகினால் மொழி தானே கைவரும். அறுவடை ஓய்ந்து ஜமாபந்திக்கு முன்னுள்ள வாரங்கள் இதற்கு ஏற்றவை. முதலில் பசலி, அடுத்துப் பரப்பு, பின்னர் உரம் என்ற வரிசையில் எழுதி, ஜூலை முதல் தேதி புதுப் பசலிக் கணக்கைத் திறக்கும்போது பழைய தாள்களிலுள்ள 2.5-களையும் 50-களையும் ஒவ்வொன்றாகத் தேடி அகற்றி, அவ்விடங்களில் துணைநிரலின் பெயரை எழுதிவர வேண்டும்.